‘ஆள முடியாதவர்கள்’: கைமாறிய ஒரு சொல்

‘அன்கவர்னபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் சொல்லுங்கோ எண்டு வகுப்பில கேட்டபோது ஆளுக்கொரு பதில் சொன்னம். அடங்காத, கட்டுக்கடங்காத, ஆள முடியாத. பின் வாங்கிலிருந்து ஒரு குரல் ‘அடங்காப்பிடாரி’ எண்டது. சிரித்தாலும், அதுவும் பிழையில்லை. பழைய ஆங்கில நாவல்களில இந்தச் சொல் கோபத்துக்கும் முரட்டுக் குதிரைக்கும் சொல்வழி கேளாத பிள்ளைக்கும்தான் வரும்.

இதன் வேர் கடலில இருக்கிறது. ‘கவர்ன்’ என்பதன் மூலச்சொல், கிரேக்கத்தில் சுக்கான் பிடித்துக் கப்பலைச் செலுத்துவதைக் குறித்தது. லத்தீன் வழியாகப் பிறகு ஆட்சிக்கும் ஆகிவந்தது. ஆக, ‘அடங்கவில்லை’ எண்டு குறைப்படுவது எப்போதும் சுக்கானைப் பிடித்திருக்கிற ஆள்தான். கப்பல் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளாது.

1985இல் தென்னாபிரிக்காவில் கப்பலே அதைச் சொன்னது.

நிறவெறி அரசு 1982இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கறுப்பினத்தவரின் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்கு உள்ளூர் சபைகளை அமைத்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்குரிமை இல்லை, இந்தச் சபைகளுக்கு மட்டும் உண்டு. வாக்களிக்கப் போனவர்கள் சொற்பம். சபைகளுக்கு வருமானமும் இல்லை, அதனால் வீட்டு வாடகையைக் கூட்டினார்கள். 1984 செப்டெம்பர் 3ஆம் திகதி ஷார்ப்வில், செபோகெங் பகுதிகளில் சனம் வீதிக்கு இறங்கியது. லெகோவா சபையின் துணை மேயர் அன்றே கொல்லப்பட்டார். வாடகை கட்ட மறுப்பது ஊர் ஊராகப் பரவியது.

1985 ஜனவரி 8ஆம் திகதி, நாடுகடந்து வாழ்ந்த ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் ஒலிவர் தம்போ, நாட்டை ‘அன்கவர்னபிள்’ ஆக்குங்கள் எண்டு அழைப்பு விடுத்தார். ஆள்பவனின் முறைப்பாடு ஆளப்படுபவனின் வேலைத்திட்டமாகியது. சபை உறுப்பினர்கள் பலர் பதவி விலகினார்கள். ஜூலையில் 36 மாவட்டங்களில் அவசரகாலச் சட்டம் வந்தது. 1986 ஜூன் 12ஆம் திகதி அது நாடு முழுவதற்கும் ஆனது.

எங்களுக்குப் பிடித்த பகுதி இனித்தான். சபைகள் முடங்கிய இடங்களில் தெருக் குழுக்கள் உருவாகின. எங்கட வயசுப் பெடியள் குப்பையை அள்ளி, அந்த வெறுங்காணிகளில ‘மக்கள் பூங்கா’ அமைத்து, மண்டேலா, தம்போ எண்டு பெயரும் வைத்தார்கள். ஆள முடியாத இடத்திலும் யாரோ ஆண்டுகொண்டுதான் இருந்தார்கள். படையினர் வந்து அந்தப் பூங்காக்களைச் சிதைத்தார்கள்.

அதே பெடியளில் சிலர், ‘காட்டிக்கொடுப்பவர்’ எண்டு சந்தேகித்தவர்களின் கழுத்தில டயரை மாட்டி எரித்ததும் அதே தெருக்களில்தான். இதை ‘அந்தக் காலம் அப்படி’ எண்டு கடந்துபோக எங்களுக்கு மனம் வரவில்லை. எரிக்கப்பட்டவரிடம் விளக்கம் கேட்க யாரும் காத்திருக்கவில்லை.

1994இல் மண்டேலா ஜனாதிபதியானார். அடுத்த வருஷமே அவருடைய அரசாங்கம் ‘மசகானே’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. ஒன்றுசேர்ந்து கட்டியெழுப்புவோம் என்ற பொருளில் வைத்த பெயர். அதில் சனத்திடம் கேட்டதில முக்கியமானது, தண்ணி, மின்சாரம், வாடகைக்குக் காசு கட்டுங்கள் என்பது. பலர் கட்டவில்லை. பழகிப்போச்சு எண்டு அதிகாரிகள் குறைப்பட்டார்கள். வேலையில்லாத வீட்டில கட்டக் காசும் இருக்கவில்லை.