நைல் நதியின் அளவுத்தூண்

எட்டாம் வகுப்பிலே எகிப்திய நாகரிகத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, வன்னியிலிருந்து வந்து படிக்கும் மாணவன் ஒருவன் எழுந்து கேள்வியொன்று கேட்டான். நைல் நதியின் நீர்மட்டத்தை அளப்பதற்குப் பண்டைய எகிப்தியர் படிக்கட்டுகளும் கிணறுகளும் அமைத்தனர் என்ற பகுதியை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தோம். "எங்கட குளத்துத் துருசடியிலையும் அளவுக்கல் நிக்குது, சேர். ஆனால் அதைப் பாத்து எழுதிக்கொண்டு போறது கமக்காரன் இல்லை. எகிப்திலை ஆர் பாத்தது?" என்றான்.

பாடநூலில் இதற்கு விடை இருக்கவில்லை. விடை தேடியபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

ஆற்றுநீரை அளந்து எழுதிவைக்கும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதற்குப் பலேர்மோ கல் சான்று பகர்கின்றது. சிசிலித் தீவின் பலேர்மோ நகர அருங்காட்சியகத்தில் இருப்பதால் அப்பெயர் பெற்ற அக்கருங்கற்றுண்டில், எகிப்தின் முதலாவது அரச வமிசம் தொடக்கம் ஆண்டுதோறும் நிகழ்ந்தவை பொறிக்கப்பட்டுள்ளன. மன்னன் கோயில் எடுத்த செய்தி ஓராண்டின் கட்டத்திலே உண்டு. படையெடுத்த செய்தி மற்றோர் ஆண்டின் கட்டத்திலே உண்டு. ஆனால் ஆண்டுக் கட்டங்களின் அடியிலே தொடர்ந்து காணப்படுவது நைல் எத்தனை முழம், எத்தனை கையகலம், எத்தனை விரல் உயர்ந்தது என்ற கணக்கேயாம். மன்னரின் வெற்றிகளுக்குச் சமமாக வெள்ளத்தின் உயரமும் அரசாங்க ஏட்டில் இடம்பெற்றதேன்?

எகிப்திலே மழை இல்லை என்றே சொல்லிவிடலாம். எத்தியோப்பிய உயர்நிலங்களிலே கோடையிற் பொழியும் பருவமழை நீல நைல் வழியாக இறங்கி, ஜூன் மாத இறுதியில் எகிப்தின் ஆற்றை உயர்த்தத் தொடங்கும். செப்டெம்பரில் வெள்ளம் உச்சம் அடையும். வரம்பு கட்டிப் பாத்திகளாக வகுத்த பெருநிலங்களிலே அந்நீரைத் தேக்கி, வண்டல் படிந்தபின் வடியவிட்டு, ஈரம் காயுமுன் கோதுமையும் வாற்கோதுமையும் விதைப்பர். ஆகவே வெள்ளம் வடியுமுன்னரே அவ்வாண்டின் விளைச்சல் இன்னதென்று ஏறக்குறைய நிச்சயமாகிவிடுகின்றது. உரோம எழுத்தாளர் பிளினி இதனைப் படிப்படியாக வகுத்துக் காட்டுகின்றார்: 12 முழம் உயர்ந்தால் பஞ்சம், 13 முழத்திலும் பசி தீராது, 14 முழம் மகிழ்ச்சி, 15 முழம் நிம்மதி, 16 முழம் பெருங்களிப்பு. ஒரு முழம் ஏறக்குறைய அரை மீற்றர். பசிக்கும் களிப்புக்கும் இடையே இருந்தது ஒரு மனிதனின் உயரந்தான்.

விதைத்தவனுக்கு மட்டுமா இக்கணக்கு வேண்டியிருந்தது? கி.மு. 25 அளவில் உரோம ஆளுநனுடன் எகிப்தின் தென்னெல்லை வரை சென்ற ஸ்திராபோ என்னும் புவியியலறிஞர், எலிபன்டைன் தீவிலிருந்த அளவுக் கிணற்றைக் கண்டு எழுதியுள்ளார். அக்கணக்கு உழவருக்கு வாய்க்கால்களையும் வரம்புகளையும் சீர்செய்ய உதவுகின்றது என்பதை அவர் முதலிற் கூறுகின்றார். அதே மூச்சில், ஆளுநருக்கு வருமானத்தை மதிப்பிடவும் அது உதவுகின்றது என்றும், வெள்ளம் கூடினால் வரியும் கூடும் என்றும் கூறிவிடுகின்றார். ஒளிவுமறைவற்ற மனிதர்! எம் மாணவனின் ஐயத்துக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அரைவாசி விடை கிடைத்துவிட்டது. நைலின் ஏற்றத்தையும் வற்றுதலையும் முன்கூட்டிக் கணிக்கவேண்டிய தேவையே எகிப்திய வானவியலைத் தோற்றுவித்தது என்றும், அக்கணிப்பைக் கையில் வைத்திருந்த புரோகிதர் வேளாண்மையின் அதிகாரிகளாயினர் என்றும் கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்தின் அடிக்குறிப்பொன்றிற் சுட்டிச் செல்கின்றார். அடிக்குறிப்புகளை வாசியாது புரட்டிச் செல்லும் எம் நண்பர்கள் சிலர் இதனைக் கவனிப்பார்களாக.

அரபு மக்களின் ஆட்சியிலே இக்கலை மேலும் செழித்தது. கெய்ரோவிலுள்ள ரோடா தீவிலே 861ஆம் ஆண்டு அப்பாசியக் கலீபா அல்-முதவக்கில் கட்டுவித்த அளவுமண்டபம் இன்றும் உள்ளது. ஆழமான கற்கிணறு; அதன் நடுவே முழமும் விரலும் குறித்த எண்பட்டைப் பளிங்குத்தூண்; ஆற்றுநீர் உள்ளே வருவதற்கு மூன்று வெவ்வேறு மட்டங்களில் மூன்று சுரங்க வழிகள். ஆற்றிலே அலையும் சுழிப்பும் இருக்க, கிணற்றிலே நீர் அசைவற்று நிற்கும், அளவு பிசகாது. இதனை அமைத்தவர் மத்திய ஆசியாவின் பெர்கானாவிற் பிறந்த வானவியலறிஞர் அல்-பர்கானி என்பர். அளவைப் பார்த்துச் சொல்லும் பணி ஒரே குடும்பத்தாரிடம், இப்னு அபீ அல்-ரத்தாத் வழியினரிடம், பல நூற்றாண்டுகள் இருந்தது.

தூண் 16 முழத்தைக் காட்டினால் கெய்ரோவிலே கால்வாயின் அணையை வெட்டிப் பெருவிழா எடுப்பர். நிலவரி வாங்கும் உரிமையும் அன்றே அரசுக்குப் பிறக்கும். 16 முழம் எட்டாத ஆண்டில் வரி வாங்கலாகாது என்பது பழைய விதி. உழைப்பவனுக்கு நீதியான விதியாகவே இது தோன்றும். ஆயினும் அளவைப் பார்ப்பவன் யாருடைய சம்பளத்தில் இருக்கின்றான் என்பதை மறந்துவிடலாகாது. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் வியப்பான செய்தியொன்றைப் பதிந்துள்ளார். நதியின் ஏற்றத்தை நாள்தோறும் தெருத்தெருவாகக் கூவிச் செல்வோர் இருந்தனர். 16 முழம் நிறைந்துவிட்டது என்று அவர்கள் கூவும் நாளிலே பெரும்பாலும் அது நிறைந்திருப்பதில்லையாம்! வரி வாங்குவதற்காக, இயன்றளவு விரைவில் மக்களை நம்பவைப்பதே அக்கூவலின் நோக்கம். தூண் பொய் சொல்வதில்லை. தூணை வாசிப்பவன் சொல்வான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதனையும் சொல்லாவிடின் நாம் நேர்மையாக எழுதியவராகோம். 973இல் கெய்ரோவிற் குடிபுகுந்த பாத்திமிய கலீபா அல்-முஇஸ், 16 முழம் நிறையும் வரை நாளாந்த அளவைப் பகிரங்கமாகக் கூவுவதைத் தடைசெய்தார் என மக்ரீசி என்ற வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். ஏற்றம் சற்றுத் தாமதித்தது என்று கேள்விப்பட்டவுடனே தானிய வணிகர் களஞ்சியங்களைப் பூட்டிவிடுவர்; ரொட்டியின் விலை ஏறிவிடும்; ஆற்றிலே பஞ்சம் வருமுன் கடையிலே பஞ்சம் வந்துவிடும். செய்தியை மறைத்தது கொடுமையா, கருணையா? பதுக்குவோரைப் பிடிக்க இயலாத அரசு செய்தியைப் பிடித்து அடைத்தது என்பதே எம் கருத்து. களஞ்சியத்தின் பூட்டில் அரசு கைவைத்ததாயின் தூணின் வாயைக் கட்டவேண்டி வந்திராது.

இனி 1877ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு நைல் மிகத் தாழ்ந்தது. பசிபிக் சமுத்திரத்தின் மேனீர் வழமைக்கு மாறாக வெப்பமடைய, எத்தியோப்பியாவிலும் இந்தியாவிலும் பருவமழை ஒருங்கே பொய்த்தது என்பதை இன்றைய விஞ்ஞானம் விளக்குகின்றது. அக்காலத்து எகிப்தின் அரசன் இஸ்மாயில், ஐரோப்பிய வங்கிகளுக்குப் பட்ட கடன் 9 கோடி பவுணுக்கு மேல். 1876 முதல் கடன் கொடுத்தோரின் பிரதிநிதிகளே கெய்ரோவில் அமர்ந்து வருமானத்தைக் கண்காணித்தனர். மேல் எகிப்தின் வயல்கள் வெடித்துக் கிடந்தன. மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1878 மே மாத வட்டித் தவணையோ தவறாது செலுத்தப்பட்டது. பழைய ஆட்சியாளராவது 16 முழம் நிறைந்ததாகப் பொய் சொல்லி வரி வாங்கினர். இலண்டனும் பாரிசும் தூணைப் பார்க்கவே இல்லை.

அதே பருவமழை பொய்த்ததனால்தான் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடியது. சேலத்திலும் திருச்சியிலும் நிலமிழந்த உழவர் கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுப் பாதையால் நடந்து, கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தனர். வழியில் விழுந்தவர் பலர். எகிப்திலே வரிச்சுமையும் அந்நியர் ஆதிக்கமும் மூட்டிய சினம், கிராமத்துத் தலைவனொருவனின் மகனாகப் பிறந்து இராணுவத்தில் உயர்ந்த அஹ்மத் அராபி பாஷாவின் தலைமையில் 1881இல் கிளர்ந்தது. 1882 செப்டெம்பரில் தெல்-எல்-கபீரிலே பிரித்தானியப் படை அதனை நசுக்கியது. 1883 ஜனவரியில் அராபி கைதியாக வந்திறங்கிய இடம் எது? எமது கொழும்பு! பின்னர் கண்டியிலும் வாழ்ந்து 1901இலேதான் அவர் நாடு திரும்பினார். எகிப்தைக் கதைக்களத்துள் கொண்ட 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் வெளியிட்ட சித்திலெப்பை அவருடைய நண்பர். தோட்டத்து லயத்தில் ஒடுங்கிய தமிழனும் அதே மலைநாட்டில் சிறையிருந்த எகிப்தியனும் ஒரே ஆண்டின் வரட்சியால் தொடுக்கப்பட்டவர்கள் என்பதை எந்தப் பாடநூலும் எம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

வரி வாங்க எழுதிய ஏடுகள் பிற்காலத்தில் வேறொரு பயனும் தந்தன. 1906இல் எகிப்துக்கு வந்த ஹேர்ஸ்ற் என்ற பொறியியலறிஞர், 622ஆம் ஆண்டு முதலான நைல் அளவுகளை ஆராய்ந்து, நல்ல ஆண்டுகளும் வரண்ட ஆண்டுகளும் கலந்து வராமல் கூட்டங்கூட்டமாகவே வரும் இயல்பைக் கண்டார். அடுத்தடுத்து வரும் வரட்சியைத் தாங்கவேண்டின் அணை எத்துணைப் பெரிதாக வேண்டும் என்ற அவருடைய கணிதம் 1951இல் வெளிவந்தது. பின் வந்த அசுவான் பேரணையின் கதை வாசகர் அறிந்ததே: அமெரிக்கக் கடன் மறுக்கப்பட்டதும், 1956இல் நாசர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், சோவியத் உதவியால் 1970இல் அணை நிறைவுற்றதும் விரித்துரைக்க வேண்டியவையல்ல. அணை நீரில் மூழ்கிய தம் ஊர்களை விட்டு ஏறத்தாழ ஒரு இலட்சம் நூபிய மக்கள் வெளியேறினர் என்பது மட்டும் போதிய அளவு பேசப்படவில்லை.

1964க்குப் பின் கெய்ரோவை வெள்ளம் தொட்டதில்லை. 2025இல் எத்தியோப்பியாவும் நீல நைலிலே தன் பேரணையைத் திறந்துவிட்டது. எத்துணை நீர் எப்போது விடப்படும் என்ற கணக்கைக் கேட்டு எகிப்தும் சூடானும் வழக்காடுகின்றன. ரோடா மண்டபத்தின் சுரங்க வழிகள் அடைபட்டுவிட்டன. கட்டணம் செலுத்திய எவரும் படிகளால் இறங்கி, தூணின் கடைசி முழம் வரை பார்த்து வரலாம், கால் நனையாது.