மறைந்து வாழ்ந்தோரும் மறவாத நெஞ்சங்களும்

1865ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள். ஜப்பான் நாட்டின் நாகசாகித் துறைமுகத்தில், அயல்நாட்டவர்க்கெனப் புதிதாக எழுப்பப்பட்டிருந்த ஓவுராக் கோயிலின் வாயிலில் உராகாமி என்னும் சிற்றூரார் சிலர் வந்து நின்றனர். பிரெஞ்சுக் குருவாகிய பெத்திழான் கதவைத் திறந்துவிட்டு, பீடத்தின்முன் மண்டியிட்டு வேண்டலானார். அப்பொழுது முதிய பெண்மணி ஒருவர் அவரை அணுகி, தங்கள் நெஞ்சமும் அவர் நெஞ்சமும் ஒன்றே என மெல்லக் கூறினார். அன்னை மரியாளின் திருவுருவம் எங்கே என்றும் வினவினார்.

இவ்வினாவின் அருமையை உணர வேண்டுமாயின், மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், வேண்டுதல்களைத் தமிழில் பெயர்த்துச் சிறுவர்களை மனப்பாடம் செய்வித்தார் என்பதை நாம் அறிவோம். அவரே 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் கரையேறினார். சமயம் விரைந்து பரவிற்று. ஆனால், சமயக் குரவரின் பின்னே அயல்நாட்டுப் படைகளும் வருமோ என ஆட்சியாளர் அஞ்சினர். 1587இல் ஹிதெயோஷி என்னும் தலைவர் குருமாரை வெளியேறுமாறு ஆணையிட்டார். 1597இல் நாகசாகியில் இருபத்தாறு பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவருள் ஒருவராகிய கொன்சாலோ கார்சியா, நம் நாட்டு வசாய் நகரில் பிறந்தவர். 1614இல் தொக்குகாவா அரசு நாடெங்கும் கிறித்தவத்தைத் தடைசெய்தது. வரிச்சுமையாலும் சமய ஒடுக்குமுறையாலும் வெகுண்டெழுந்த உழவர்களின் ஷிமாபாராக் கிளர்ச்சி 1638இல் அடக்கப்பட்டபின், தடை மேலும் கடுமையாயிற்று.

நாகசாகியில் மக்கள் ஆண்டுதோறும் இயேசுவின் உருவத்தையோ மரியாளின் உருவத்தையோ மிதித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுத்தவர்க்குத் தண்டனை காத்திருந்தது. மிதித்தவர்களுட் பலர் இல்லம் திரும்பி, மனம் வருந்தி மன்னிப்பு வேண்டினர். குரு இல்லை; கோயில் இல்லை; ஆயினும், ஊருள் ஒருவர் திருநாட்களைக் கணித்தார்; மற்றொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். பௌத்தரின் கன்னோன் உருவத்தில் அவர்கள் மரியாளைக் கண்டனர். இலத்தீனும் போர்த்துக்கீசியமும் கலந்த வேண்டுதல்களைப் பொருள் மங்கிய நிலையிலும் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகக் காத்தனர்.

வெளியுலகமோ இவர்கள் இருப்பதை அறியவில்லை. ஆயினும் அந்த இருபத்தாறு பேரை அது மறந்துவிடவில்லை. 1862இல் உரோமையில் அவர்கள் புனிதராக அறிவிக்கப்பட்டனர். ஓவுராக் கோயிலும் அவர்கள் நினைவுக்கே உரித்தாக்கப்பட்டது. இறந்தோரை நினைந்து எழுந்த அக்கோயில், உயிரோடு மறைந்திருந்தோர் வெளிவருவதற்கு வாயிலாயிற்று.

துன்பம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1867இல் உராகாமி மக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு அமைந்த மெய்ஜி அரசும் தடையைப் புதுப்பித்தது. மூவாயிரத்திற்கு மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டனர்; அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்முறை உலகம் அறிந்திருந்தது. 1871 முதல் 1873 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயணம் செய்த இவாக்குராத் தூதுக்குழுவினர், சென்றவிடமெல்லாம் இது குறித்த கண்டனத்தைக் கேட்டனர். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. எஞ்சியோர் ஊர் திரும்பினர்.

மாணவ நண்பர்களே! கடல் கடந்து துன்புறுவோர்க்காகக் கைகூப்புவதால் யாது பயன் என வினவுவோர் உளர். வேண்டுதலின் பயனை வரலாறு அளந்து காட்ட இயலாது. ஆனால், அது நினைவைக் காக்கிறது என்பதைக் காட்ட இயலும். நினைவு இருந்தமையாலேயே தேடல் எழுந்தது; தேடல் இருந்தமையாலேயே குரல் எழுந்தது.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. ஜப்பானியக் கிறித்தவர் மறைந்து வாழ்ந்த அக்காலத்திலேயே, 1685இல், கத்தோலிக்க நாடாகிய பிரான்சு தன் புராட்டஸ்டண்டு மக்களின் வழிபாட்டுரிமையைப் பறித்தது. தம் சமயத்தார் வேறு நாட்டில் படும் துயருக்காக வருந்துவோர், தம் நாட்டில் பிற சமயத்தார் படும் துயரையும் காணல் வேண்டும். அங்ஙனம் கண்டால்தான் அவர்தம் வேண்டுதல் முழுமை பெறும்.