ஏட்டைப் படமெடுக்குமுன் செய்யத்தக்கன

நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் பரண்களில் ஏட்டுச்சுவடிகள் இன்றும் உறங்குகின்றன. நூலகங்கள் அத்தகைய ஏடுகளை எண்ணிமப் படங்களாக்கிக் காத்து வருதலை அன்பர்கள் அறிவர். ஆயின் படமெடுத்தலினும் அதற்குமுன் செய்யும் ஆயத்தமே பெரிதென்பதை ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பனையோலை பழுதுறுமுன் புதிய ஓலையில் படியெழுதி வைத்தல் முன்னோர் வழக்கம். அச்சு பரவியபின் அவ்வழக்கம் அருகிற்று. ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டாரும் உளர். கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் நெய்யில் தோய்த்துத் தீயிலிடப்பட்டமையை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் வருந்தி எழுதியுள்ளார்கள். அவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும், சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1887-இல் கலித்தொகையையும் ஏட்டினின்று அச்சேற்றினர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அரிய ஏடுகளும் உடன் மாண்டன. படி வேறில்லாத நூல் ஒரு நாள் தீயில் முற்றும் ஒழியுமன்றோ?

இனி ஆயத்தமுறை கூறுவாம். கயிற்றை அவிழ்க்குமுன் கட்டு இருந்தவாறே அதன் நிலையைக் குறித்தல் வேண்டும். பின்னர் மென்மயிர்த் தூரிகையால் தூசி களைந்து, ஒட்டிய ஓலைகளை வலிந்து பிரியாது விடுத்து, ஏட்டெண்களை வரிசைப்படுத்தல் வேண்டும். வறண்ட ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவர். மங்கிய எழுத்துக்கு விளக்குக்கரி மை பூசித் துடைப்பர். இவை கைதேர்ந்தார் செய்யத்தக்கன. படத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் உடன் வைத்து, நூற்பெயர், ஏட்டின் தொகை, உடையவர் ஊர் முதலியவற்றைப் பதிதல் வேண்டும்.

எம் பிழை ஒன்றையும் மறைக்கமாட்டோம். எம் இல்லத்துச் சுவடியொன்றை ஆர்வமிகுதியால் அவிழ்த்தேம், ஏடுகள் சிதறின. எண்ணிருந்த ஓரங்களையோ பூச்சி அரித்திருந்தது. அந்தாதிப் பகுதியை, ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாதல் கொண்டு, பல நாள் உழைத்து ஒழுங்குபடுத்தினேம். உடனிருந்த வைத்திய உரைநடை ஏடுகட்கோ அத்துணை இல்லை. அவை இன்றும் முறைபிறழ்ந்தே கிடக்கின்றன. படக்கருவி கண்டதையே காட்டும். பிறழ்ந்த முறையைப் பிறழ்ந்தவாறே நிலைநிறுத்தும்.

ஆதலின் அன்பர்காள், பரணில் ஏடு காணின் அவிழ்க்கற்க, கழுவற்க, வெயிலில் உலர்த்தற்க. தூய பருத்தித்துணியிற் பொதிந்து, அறிந்தாரிடம் காட்டுமின். ஏடு மீளவேண்டுமெனின், கொடுக்குமுன்னரே எழுத்தில் உறுதி பெறுமின். முன்னோர் கை எழுதியது நம் கையால் அழியாதிருத்தலே நாம் அவர்க்குச் செய்யும் கடன்.