அலாஸ்காவில் மீனை எண்ணத் தொடங்கிய காலம்

பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி, முட்டையிட்டதும் இறந்துவிடும். இனம் பெருக்க அதற்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்புதான். அந்த வாய்ப்பைத் தேடி ஓர் ஆற்றின் மீன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முகத்துவாரத்துக்கு வந்து சேர்கின்றன. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சாக்ஐ சால்மனின் பெரும்பகுதி ஜூன் கடைசிக்கும் ஜூலை நடுவுக்கும் இடையே உள்ளே நுழைந்துவிடும். மீனவருக்கு வருஷம் முழுவதற்குமான வருமானமும் அந்தச் சில வாரங்களில்தான். ஆகவே, எத்தனை மீனை விட்டுவிட வேண்டும், அதை யார் தீர்மானிப்பது என்பதே அங்கே பழைய வழக்கு. தேதி குறித்து விதித்த தடை அந்த மீனைக் காக்கவில்லை என்பதையும், ஆறேறிய மீனை எண்ணியவரிடம் வலையை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்ததே காத்தது என்பதையும் அலாஸ்காவின் வரலாற்றிலிருந்து காட்ட முடியும்.

1878இல் அங்கே முதல் டின் மீன் ஆலைகள் வந்தன. ஓடைகளை அடைத்து மீன்பிடிப்பதை அமெரிக்க நாடாளுமன்றம் 1889லேயே தடை செய்தது. ஆனால் அத்தனை நீளக் கடற்கரையில் அதை நடைமுறைப்படுத்த ஆளும் இல்லை, படகும் இல்லை. ஓடையை அடைக்காமலே அதே வேலையைச் செய்யும் கருவியாகக் கடலோர மீன்பொறிகள் பெருகின. கரையிலிருந்து ஆழத்தை நோக்கி மரத்தூண்களை நட்டு, அவற்றில் வலையைச் சுவர்போல் கட்டுவார்கள். கரையை ஒட்டி ஆற்றைத் தேடி வரும் மீன் சுவரில் முட்டியதும் ஆழத்துப் பக்கம் திரும்பும். அங்கே இதய வடிவில் ஓர் அடைப்பு, அதன் முனையில் குறுகலான வாய், அதற்கப்பால் கூண்டு. முன்னேறிப் போகும் மீனின் சுபாவமே அதைக் கூண்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. பொறிகளில் பெரும்பாலானவை சியாட்டில், சான் பிரான்சிஸ்கோ முதலாளிகளுடையவை. உள்ளூர் மீனவருக்கு அவற்றின்மீது இருந்த கோபத்தில், இரவில் பொறியைக் கொள்ளையடிப்பவர்களைக்கூட ஊர் பெரிதாகக் குற்றம் சொல்லவில்லை.

1924இல் வந்த ஒயிட் சட்டம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டதுதான். சனிக்கிழமை மாலை 6 மணியிலிருந்து திங்கள் காலை 6 மணிவரை மீன்பிடி கூடாது. பொறிகளின் வாயை மூடி, இதய அடைப்பின் வலையை இருபுறமும் திறந்துவிட வேண்டும். வரும் மீனில் பாதியாவது ஆறேற வேண்டும் என்றும் சட்டம் சொன்னது. இந்தப் ‘பாதி’யில்தான் கோளாறு. ஒரு கோடி மீன் வரும் வருஷத்தில் பாதியை விடுவது தேவைக்கு மேல். பத்து லட்சமே வரும் வருஷத்தில் பாதியைப் பிடிப்பது அடிமடியில் கைவைப்பது. அந்தப் பாதியைச் சரிபார்க்கவும் எண்ணிக்கை வேண்டும்; அதுவோ மிகச் சில ஆறுகளில்தான் நடந்தது. 1936இல் அலாஸ்கா முழுவதும் 12 கோடிக்கும் மேற்பட்ட சால்மன் பிடிபட்டது. 1953இல் ஐசன்ஹோவர் அரசு அலாஸ்காவைப் பேரிடர் பகுதியாக அறிவிக்கும் அளவுக்கு நிலைமை சரிந்தது. 1959இல் பிடிபட்டது சுமார் 2.5 கோடி மட்டும்.

அதே 1959இல் அலாஸ்கா மாநிலமானது. மீன்பொறிகளை ஒழிக்கும் தீர்மானத்தை 1956லேயே மக்கள் ஏறத்தாழ ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஆதரித்திருந்தார்கள். பொறி ஒழிந்தது பலர் நினைவில் நிற்கிறது. என் மதிப்பில் அதைவிடப் பெரியது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு மாற்றம். 1947இல் டபிள்யூ. எஃப். தாம்சன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மீன்வள ஆய்வு நிறுவனம், 1950களில் பிரிஸ்டல் விரிகுடா ஆறுகளின் கரையில் கோபுரம் கட்டி மீனை எண்ணும் முறையைக் கொண்டுவந்தது. தெளிந்த நீரில் சாக்ஐ கரையோரமாகவே வரிசைகட்டி மேலேறும். கோபுரத்தில் நிற்பவர் மணிக்குப் பத்து நிமிடம் ஒரு கரையை எண்ணுவார், பிறகு மறு கரையை. அதை ஆறால் பெருக்கினால் அந்த மணி நேரக் கணக்கு. புதிய மாநிலம் இந்தக் கணக்குக்கு அதிகாரம் கொடுத்தது. அந்தந்தப் பகுதியில் இருக்கும் உயிரியலாளரே அவசர ஆணை பிறப்பித்து மீன்பிடியைத் திறக்கலாம், மூடலாம். தலைநகருக்கு எழுதிப்போட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் மீன் கடந்து போய்விடும். விகிதத்துக்குப் பதில் ஒவ்வோர் ஆற்றுக்கும் இலக்கு எண் வந்தது. இன்று பிரிஸ்டல் விரிகுடாவின் க்விசாக் ஆற்றுக்கு அது 20 லட்சம் முதல் ஒரு கோடிவரை. முதல் பங்கு ஆற்றுக்கு, மீதி வலைக்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: மீனை மீட்டது கடலே, நிர்வாகம் அல்ல என்பது. 1976–77இல் வட பசிபிக்கின் தட்பவெப்பம் சால்மனுக்குச் சாதகமாக மாறியது உண்மை. வெளிநாட்டுக் கப்பல்களை 200 கடல் மைலுக்கு அப்பால் தள்ளிய சட்டமும் 1976இல்தான் வந்தது. புதிய நிர்வாகம் பதினான்கு ஆண்டு நடந்த பிறகும் 1973, 1974இல் மீன்வரத்து படுமோசம். ஆனால் அந்த ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். 1973இல் பிரிஸ்டல் விரிகுடாவில் பிடித்த சாக்ஐ பத்து லட்சத்துக்கும் குறைவு. கையில் காசில்லாத மீனவர் கரையில் நிற்க, வந்த கொஞ்சத்தில் பெரும்பகுதியை ஆறேற விட்டார்கள். கடல் கருணை காட்டியபோது அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆற்றில் தாய்மீன் இருந்தது. ஒயிட் சட்டக் காலத்து நிர்வாகமாக இருந்திருந்தால் அதில் பாதி டின்னுக்குள் போயிருக்கும்.

எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. கொலம்பியா ஆற்றில் கிராண்ட் கூலி அணை மேல்நதியை முழுக்க அடைத்துவிட்ட பிறகு, எத்தனை மீனை விட்டாலும் அவை போய்ச்சேர இடமில்லை. அலாஸ்காவுக்கு அணையற்ற ஆறுகள் வாய்த்தன. அங்கேயும் யூகான் ஆறு கைமீறிப் போய்விட்டது. 2022இல் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு 7 கோடிக்கும் மேல் சாக்ஐ வந்து சாதனையானபோது, யூகானில் சினூக் சால்மன் அடியோடு குறைந்திருந்தது. 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் அதற்கு ஏழு ஆண்டுத் தடை விதித்தன. தலைமுறைகளாக அந்த மீனைப் புகையிட்டு வைத்துக் குளிர்காலம் கழித்த பழங்குடிக் குடும்பங்களுக்கும் சேர்த்துத்தான் தடை. பெரிங் கடலில் பொல்லாக் மீன் பிடிக்கும் இழுவைக் கப்பல்களின் வலையிலும் சினூக் விழுகிறது. அதில் ஒரு பகுதியே மேற்கு அலாஸ்கா ஆறுகளைச் சேர்ந்தது என்றாலும், அந்தக் கப்பல்களுக்கு விதிக்கப்பட்டிருப்பது உச்சவரம்பு மட்டுமே. ஆற்றோரத்தவர் வலையை முழுதாகச் சுருட்டி வைத்திருக்கும்போது இந்தப் பங்கீட்டை நியாயம் என்று சொல்ல முடியாது.