பிரமபத்திரமும் நெய்யூர் ஆஸ்பத்திரியும்

போர்த்துகீசியர் வழியாக நமக்கு வந்த சாமான்களில் பல, தங்கள் பெயரையும் கூடவே கொண்டுவந்தன. மேசை, ஜன்னல், அலமாரி, அன்னாசி எல்லாம் அப்படி வந்தவை. புகையிலையும் அவர்கள் கப்பலில் வந்ததுதான். ஆனால் வடக்கே அது தமாக்கு என்று ஆனபோது, நாம் அதற்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். போதாததற்கு, 'சுருட்டு' என்ற சொல்லை ஆங்கிலத்துக்குக் கடனும் கொடுத்தோம். தன் பாஷையில் பெயர் வைத்துவிட்ட பொருளை எந்த ஜனமும் அந்நியமாக நினைப்பதில்லை. புகையிலையின் கேடு பற்றிய அறிவு நம்மிடம் இத்தனை தாமதமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னன் 1604-லேயே புகைபிடித்தலைக் கண்டித்துத் துண்டுநூல் எழுதினான். அது நுரையீரலுக்குக் கெடுதி என்றும் சொன்னான். 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டான். இரண்டு ராஜாக்களும் தோற்றார்கள் என்பது வேறு விஷயம். தமிழில் நடந்தது இதற்கு நேர்மாறு. சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையைத் தூது விட்டார். உ.வே. சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். சிவனுக்கு வில்வம், திருமாலுக்குத் துளசி, பிரமனுக்குப் புகையிலை என்று பிரித்துக் கொடுத்ததாகவும், மற்ற இரண்டும் தண்ணீரோடு போய்விட, பிரமனுடையது மட்டும் போகாமல் நின்றதாகவும் ஒரு கதை. அதனால் அது பிரமபத்திரம். நம் பண்டிதர்கள் இதில் சிலேடையை ரசிப்பதோடு திருப்தி அடைந்துவிட்டார்கள். அயல்நாட்டுச் சரக்கு ஒன்று வந்திறங்கிக் கொஞ்ச காலத்துக்குள் புராணத்தில் இடம்பிடித்துவிட்ட வேகம் அவர்கள் கண்ணில் படவில்லை. புலவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் தம் காலத்து ருசியை எழுதினார்.

தூத்துக்குடிப் பக்கம் தாம்பூலம் என்பதே ஒரு வியாபார வரைபடம். வெற்றிலை தாமிரவருணிப் பாசனத்தில் ஆத்தூர்க் கொடிக்காலில் விளைவது. சுண்ணாம்பு கடற்கரைச் சிப்பியையும் கிளிஞ்சலையும் சுட்டது. பாக்கு மலைநாட்டுச் சரக்கு. புகையிலைக்கு யாழ்ப்பாணம். அந்த யாழ்ப்பாணப் புகையிலையைத் திருவிதாங்கூர் அரசு நெடுங்காலம் தன் ஏகபோகமாக வைத்து கஜானாவை நிரப்பிக்கொண்டது. குமரிமுனையைச் சுற்றிப் போன தோணிகளில் எத்தனை வாய்களுக்கான சரக்கு போயிருக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். காற்றில் தீக்குச்சி நிற்காத இடத்தில் பீடியைவிட மெல்லுகிற புகையிலைதான் வசதி. கடலுக்குப் போகிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புகைக்கிறவனுக்கு இந்தக் கரையில் தனியாக ஒரு நஷ்டமும் உண்டு. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்பு நிற்கவில்லை. மூழ்குகிறவனுடைய மூலதனம் ஒரு நிமிஷத்து மூச்சு. பீடிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். சுறாவின் வாயைக் கட்ட 'கடல்கட்டி' என்ற மந்திரவாதியை வைத்து, அவனுக்குச் சிப்பியில் பங்கும் கொடுத்த கரை இது. மூச்சின் மூலதனத்தைக் கரையிலேயே செலவழித்துவிட்டு இறங்குகிறவனுக்குக் கட்டுப்போட ஆளில்லை.

இனி நெய்யூர். குளச்சலுக்குப் பக்கத்தில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த ஊர். லண்டன் மிஷன்காரர்கள் 1838-ல் அங்கே வைத்தியம் தொடங்கினார்கள். எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் டாக்டராக இருந்த இடம் என்றால் சிலருக்கு ஞாபகம் வரும். மலைதான் ஞாபகமிருக்கிறது, அங்கே வந்து குவிந்த வாய்களை யாரும் நினைப்பதில்லை. 1908-ல் பென்டல் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். அதே ஆண்டு, அதே பத்திரிகையில், ஃபெல்ஸ் என்பவர் தென்னிந்திய வாய்ப்புற்றைப் பற்றி எழுதிய கட்டுரை 209 ஆபரேஷன்களின் ஆய்வு. ஆன்டிபயாடிக் மருந்துகள் வராத காலம். கன்னத்தையும் தாடையையும் வெட்டி எடுப்பது என்றால் என்ன என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இந்த நோயில் வலி பிந்தித்தான் வருகிறது. வெள்ளைத் தழும்பும் ஆறாத புண்ணும் முதலில் வலிப்பதில்லை. வலித்தாலும் பல்வலி என்று நினைத்து, பல்வலிக்குக் கைமருந்தாக இன்னொரு துண்டுப் புகையிலையையே அங்கே அடக்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

1933-ல் ஐ.எம். ஆர் என்ற டாக்டர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட்டில் எழுதினார். வெற்றிலையா, பாக்கா, சுண்ணாம்பா, புகையிலையா என்ற விசாரணை பிறகு பல பத்தாண்டுகள் நடந்தது. 1985-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று உண்டாக்கும் என்று தீர்ப்புச் சொன்னது. 2004-ல் வெளிவந்த அதன் நூலில் பாக்கும் குற்றவாளி. ஆத்தூர்க்காரர்கள் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம்: வெற்றிலைமேல் தனியாகக் குற்றம் நிரூபணமாகவில்லை.

என் வங்கிக் கௌண்டருக்கு வரும் பெரியவர்கள் சிலர், பேசுவதற்கு முன் வாயை ஒதுக்கிக்கொள்ள ஒரு கணம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒதுக்குதலில்தான் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்பின் காரம் நிகோடினை விரைவாக ரத்தத்தில் ஏற்றுகிறது. இலையைப் பாடம் பண்ணும்போது உண்டாகும் நைட்ரோசமின்கள், அது அடங்கிக் கிடக்கிற கன்னச் சதையில் மணிக்கணக்காக ஊறுகின்றன. எந்தப் பக்கம் அடக்குகிறாரோ பெரும்பாலும் அந்தப் பக்கமே புற்று வருகிறது. இரவில் அடக்கியபடியே தூங்குகிறவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

நெய்யூர்க் கட்டுரைகள் வந்து 42 ஆண்டுகள் கழித்து, 1950-ல், டாலும் ஹில்லும் லண்டன் ஆஸ்பத்திரிகளில் சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்துக் காட்டினார்கள். 1964-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் அறிக்கை. நமது படித்த வர்க்கம் விழித்துக்கொண்டது இவற்றுக்குத்தான். பக்கத்து ஊரில் நடந்த கண்டுபிடிப்பு லண்டன் பத்திரிகையில் ஆங்கிலத்தில் கிடந்தது. நம் கண்ணில் பட்டதோ லண்டன் சிகரெட். 1975-ல் டெல்லியில் போட்ட எச்சரிக்கைச் சட்டமும் சிகரெட்டுக்கு மட்டுமே. பீடி அதில் இல்லை, வாய்ப்புகையிலை இல்லை. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுகளில் முன்வரிசையில் நிற்பது வாய்ப்புற்று என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற எவருக்கும் தெரிந்திருக்கும்போது, சட்டம் இங்கிலாந்தின் நோயைப் பார்த்து எழுதப்பட்டது. கடன் வாங்கிய பிரக்ஞை என்று இலக்கியத்தில் எதைச் சொல்கிறோமோ அதுதான் இதுவும். சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கும், விரலிடுக்கில் சிகரெட் இல்லாத எழுத்தாளனின் போட்டோ எடுபடாமல்தானே இருந்தது.

2003-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாப் புகையிலைச் சரக்கையும் சேர்த்துக்கொண்டது. 2016 முதல் உறையில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெய்யூரில் பென்டல் பார்த்தது போன்ற வாய்கள்தான் அந்தப் படங்களிலும். ஆனால் பெட்டிக்கடையில் மட்டைப் புகையிலையைச் சில்லறையாகக் கேட்பவனுக்கு உறை ஏது. கடைக்காரர் ஒரு துண்டு கிள்ளி, பழைய தினசரியில் மடித்துக் கொடுக்கிறார்.