வெளிச்சம் எரிகிறது, வாகனம் ஸ்ராட் ஆகவில்லை: புதுப் பற்றரி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விடியப்புறம் நான்கு மணிக்கு விசுவமடுவில் மரக்கறி ஏற்றி, பரந்தன் வழியாகக் கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோவது எனது தொழில். லீசிங்கில் எடுத்த பழைய டீசல் பிக்கப் ஒன்றுதான் முதல். முன்பு வாகனம் பற்றிய கதையெல்லாம் கணவரோடு. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவர் எங்கே என்று தெரியாது. கேட்டுச் செய்ய வீட்டில் ஆளில்லை.

மாரி காலத்தில் ஒரு நாள், தக்காளிப் பெட்டிகளை ஏற்றிவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். முன்விளக்கு எரிந்தது, ஹோர்ன் அடித்தது. எஞ்சினில் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கராஜில் பற்றரி செத்துவிட்டது என்றார்கள். கடன்பட்டுப் புதிது போட்டேன். மூன்றாம் நாள் மீண்டும் அதே 'டக்'. இப்போது ஸ்ராட்டர் மாற்ற வேண்டும் என்றார்கள்.

அதற்குப் பணமில்லாதபடியால் பரந்தனில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். "பிள்ளை, வெளிச்சம் எரியிறதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது" என்று மீற்றரை எடுத்தார். பத்து நிமிடத்தில் பிழை தெரிந்தது. பற்றரியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரின் முனை, ஆணிக்கு அடியில் கறள் பிடித்து அரைவாசி தின்றுபோயிருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவர முடியாது. இருந்ததைச் சோதித்துச் சோதித்துத்தான் ஓடினோம் என்றார். அவரிடம் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்படி நடக்கிறது?

இரண்டு முன்விளக்குகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 அம்பியர் போதும். டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டருக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் வேண்டும். வாய்க்காலைப் பாதி மண் மூடினாலும் ஒரு குடம் தண்ணீர் மொள்ளலாம், வயலுக்குப் பாயாது. அதுபோலத்தான் இதுவும்.

முதலில் பாதுகாப்பு

கியரை நியூட்றலில் விட்டு, கைப்பிறேக் இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். பற்றரியிலிருந்து எரியக்கூடிய வாயு வரும். பக்கத்தில் பீடி, நெருப்பு வேண்டாம். வயர் கழற்றும்போது நெகற்றிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில்.

விளக்கைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்புங்கள்

ஒருவர் முன்னால் நின்று விளக்கைப் பார்க்கட்டும்.

வெளிச்சம் மங்கினால் அல்லது 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தால்: பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது முனைகளில் பிழை.

வெளிச்சம் மங்காமல் ஒரே ஒரு 'டக்' கேட்டால்: ஸ்ராட்டருக்குப் போகும் தடித்த வயரில், எர்த்தில் அல்லது ஸ்ராட்டருக்குள் பிழை. எனது வாகனத்தில் இதுதான்.

வெளிச்சம் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால்: ஃபியூஸ், ரிலே, திறப்புச் சுவிச், ஸ்ராட்டரின் மெல்லிய வயர் ஆகியவற்றைப் பாருங்கள். சில வாகனங்கள் கிளட்சை முழுதாக மிதித்தால்தான் ஸ்ராட் ஆகும். அந்தச் சுவிச்சும் பழுதாகலாம்.

மீற்றர் என்ன சொல்கிறது?

சாதாரண மல்ரிமீற்றர் போதும். வாகனம் சில மணிநேரம் ஓய்ந்து நின்றபின் பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தால் முழுச் சார்ஜ். 12.0 என்றால் அநேகமாக வெறுமை. முதலில் சார்ஜ் பண்ணுங்கள். திறப்பைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 9.6 இற்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம்.

அடுத்தது, பலர் செய்யாதது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ் முனையிலும் மற்றதை எஞ்சினின் துப்புரவான இரும்பிலும் வைத்து, திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ற்றுக்கு மேலே காட்டினால் எர்த் பிழை. எனக்கு 4 வோல்ற்றுக்கு மேல் காட்டியது. அவ்வாறே பொசிற்றிவ் முனைக்கும் ஸ்ராட்டரின் தடித்த ஆணிக்கும் இடையில் 0.5 இற்கு மேலே காட்டினால் அந்த வழியில் பிழை.

பற்றரி முனைகளில் வெள்ளையாய், பச்சையாய்ப் பூத்திருந்தால் வயரைக் கழற்றி, சுடுநீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவுங்கள். கரைசல் பற்றரிக்குள் போகக் கூடாது. காய்ந்தபின் அரத்தாளால் மினுக்கி, இறுக்கிப் பூட்டி, கிறீஸ் பூசுங்கள். என் வாகனத்துக்கு வயர் முனையை வெட்டிப் புது முனை போட்டதோடு வேலை முடிந்தது.

இவ்வளவும் சரியாக இருந்து, திறப்பைத் திருப்பும்போது மெல்லிய வயருக்கு 12 வோல்ற் அளவில் வந்தும் எஞ்சின் சுழலவில்லையென்றால், அப்போதுதான் ஸ்ராட்டரைக் கழற்ற வேண்டும். அப்போதும் முழு ஸ்ராட்டரும் தேவைப்படாமல் இருக்கலாம். உள்ளே தேய்ந்த செப்புத் தகடுகளை மட்டும் மாற்றினால் பல தடவை சரிவரும்.

எஞ்சின் சுழல்கிறது, பிடிக்கவில்லை என்றால்

அது வேறு பிழை; டீசல் பக்கம் பாருங்கள். பழைய டீசல் எஞ்சின்களில் திறப்பை 'ஒன்' பண்ணும்போது டீசல் பம்பிலுள்ள வால்வு 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அது கேட்காவிட்டால் டீசல் திறபடவில்லை. கானில் சேமித்து ஊற்றிய டீசல் என்றால் பில்ற்றரில் தண்ணீர் நிற்கலாம். டீசல் முடிந்து நின்ற வாகனம் என்றால் குழாயில் காற்று ஏறியிருக்கும்; பில்ற்றருக்கு மேலுள்ள கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

கராஜுக்குப் போகுமுன் இந்த அளவுகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பற்றரி செத்துவிட்டது என்று சொன்னால், "எத்தனை வோல்ற், அண்ணை?" என்று கேளுங்கள். எனக்கு அன்று அந்தக் கேள்வி தெரியாது. பற்றரிக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.