லப்-டப்புக்கு அப்புறம் வரும் சத்தம்

போன வருஷம் ஆபீஸில் ஒரு ப்ராஜெக்ட். இதய மருத்துவம் மேல்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு ஒரு மொபைல் ஆப். நோயாளிகளிடம் பதிவு செய்த இதயச் சத்தத்தைப் போட்டுவிட்டு "என்ன கோளாறு?" என்று கேட்கும். நாலு விடையில் ஒண்ணைத் தொடணும், அவ்ளோதான். ஆடியோ வேலை என் தலையில். ரெக்கார்டிங்கில் 'கர்ர்ர்' என்று இரைச்சல் இருக்கிறதே என்று, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்ததையெல்லாம் ஃபில்டர் போட்டு வெட்டிவிட்டேன். சும்மா கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. எனக்கு நானே ஒரு சபாஷும் போட்டுக்கிட்டேன்.

ஆலோசகராக இருந்த பெரிய டாக்டர் ஹெட்போனை மாட்டி அஞ்சு நிமிஷம் கேட்டார். கழட்டி வைத்துவிட்டு, "தம்பி, இந்தப் பேஷன்ட்டோட மூணாவது சத்தம் எங்கப்பா போச்சு?" என்றார்.

நமக்குத் தெரிஞ்சது லப், டப், ரெண்டுதானே? சிலருக்கு டப்புக்குப் பின்னாடியே, அடித்தொண்டையில் பேசுற மாதிரி இன்னொரு சத்தம் வருமாம். சின்னப் பசங்களுக்கு வந்தால் பயமில்லை. வயசானவர்களுக்கு வந்தால், இதயம் தளர்ந்துபோச்சு என்பதற்கு அது ஒரு அடையாளம். அது ரொம்பத் தாழ்ந்த ஸ்தாயி சத்தம். நான் இரைச்சல் என்று வெட்டிப் போட்டது அதைத்தான்!

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஆப் எல்லாம் வருவதற்கு முன்னாடி இந்த வித்தையை எப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க என்று தோண்ட ஆரம்பித்தேன்.

கதை 1816-ல் பாரிஸில் தொடங்குகிறது. நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேனெக் என்ற டாக்டர். அதுவரைக்கும் நெஞ்சில் நேரா காதை வைத்துத்தான் கேட்பார்கள். வந்திருந்தது ஒரு இளம்பெண், கொஞ்சம் பருமன். சங்கடப்பட்ட லேனெக் ஒரு காகிதக் கட்டைக் குழல் மாதிரி சுருட்டி, ஒரு முனையை அவர் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரா காதை வைப்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறந்தது ஸ்டெதஸ்கோப். 1819-ல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே போட்டார்.

ஆனா சிக்கல் பாருங்க. சத்தத்தைப் புத்தகத்தில் எப்படி அச்சடிப்பது? ரம்பம் அறுக்கிற மாதிரி, துருத்தி ஊதுற மாதிரி என்று உவமை சொல்லித்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. இன்னொண்ணு, அந்த 'டப்' இதயத்தின் மேலறைகள் சுருங்குவதால் வருகிறது என்று எழுதினார். அது தப்பு. வால்வுகள் மூடுகிற சத்தம் என்ற கருத்து 1830-களில்தான் வந்தது. அதுவரைக்கும் அவர் புத்தகத்தை நம்பிப் படித்தவர்கள் அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் படித்திருப்பார்கள்.

அடுத்து நெதர்லாந்தின் லைடன் நகரம். வில்லெம் ஐந்தோவன் இதயத்தின் மின்சாரத்தையே கோடாக வரைந்தார். அதான் நம்ம ஈசிஜி. அவர் மெஷின் எடை சுமார் 270 கிலோ, இயக்க அஞ்சு பேர். நோயாளி கைகாலை உப்புத்தண்ணி வாளியில் விட்டுக்கொண்டு உட்காரணும். மருத்துவமனையோ ஆய்வகத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். மெஷினைத் தூக்க முடியாதே? 1905-ல் டெலிபோன் கம்பி வழியாக இதயத்தின் சிக்னலை வரவழைத்தார். போனும் இதயமும் அப்பவே சந்திச்சாச்சு மக்கா! 1924-ல் நோபல் பரிசு. கோட்டைப் புத்தகத்தில் அச்சடிக்கலாம், கிளாஸில் மாட்டிப் பாடம் எடுக்கலாம். சத்தத்துக்கு மட்டும் இன்னும் விடிவு வரலை.

1968-ல் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் ஆளுயர பொம்மை ஒண்ணைச் செய்து காட்டினார். நாடி துடிக்கும், நெஞ்சு அசையும், இதயம் சத்தம் போடும், வேண்டிய நோயை மாற்றிக்கொள்ளலாம். பேர் ஹார்வி. ரத்த ஓட்டத்தைச் சொன்ன பழைய ஹார்வி இல்லீங்க, கார்டனின் ஆசிரியர் பிராக்டர் ஹார்வி. பொம்மைக்கு வாத்தியார் பேரை வைத்த சிஷ்யன்!

பொம்மை வந்தும் காதுகள் தேறலை. 1997-ல் அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களுக்குப் பதிவுசெய்த இதயச் சத்தங்களைப் போட்டுக் காட்டி ஒரு ஆய்வு செய்தார்கள். சரியாகச் சொன்னது சுமார் 20 சதவீதம்தான். பிலடெல்பியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பாரெட் சொன்ன வைத்தியம் ரொம்ப எளிமை: திரும்பத் திரும்பக் கேளு. 2007-ல் அவர் டாக்டர்கள் கையில் ஐபாடைக் கொடுத்து, இதய முணுமுணுப்புகளை 400 தடவை கேட்க வைத்தார். ஒன்றரை மணி நேரம்தான். 40 சதவீதத்தில் இருந்த மார்க் 80 ஆனது. பாட்டு மாதிரிதான், கேட்கக் கேட்க மனசில் தங்கிவிடும்.

அடுத்த வருஷம், 2008-ல், ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்தது. ஐபாடில் கேட்டது போனுக்கு வந்தது. இதயச் சத்தம், ஈசிஜி புதிர், ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் சிகிச்சைக் குறிப்புகள் என்று எல்லாம் சட்டைப்பைக்குள் வந்தாச்சு. 270 கிலோ மெஷின் செய்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யும் போன் உறைக்கு 2012-ல் அமெரிக்காவில் அனுமதியே கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் படித்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 400 தடவை சரியாகக் கேட்டால் காது பழகும் என்றால், 400 தடவை தப்பாகக் கேட்டாலும் பழகும்தானே? என் ஆப்பில் படித்த ஒரு டாக்டர், மூணாவது சத்தம் உள்ள இதயத்தை "நார்மல்" என்று மனப்பாடம் செய்திருப்பார். நாளைக்கு அவர் முன்னாடி உட்காரப்போவது யாரோ ஒருத்தரோட அப்பா.

ஃபில்டரைத் தூக்கினேன். இன்னொரு வம்பு: போனின் குட்டி ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் எப்படியும் வராது. அதனால் முதல் திரையில் ஒரு தாழ்ந்த ஒலியைப் போட்டு "கேட்கிறதா?" என்று கேட்க வைத்தேன். கேட்கலைன்னா ஹெட்போன் மாட்டாமல் உள்ளே விடாது. ரிலீஸ் ரெண்டு வாரம் தள்ளிப்போனது, மேனேஜரிடம் நல்ல டோஸ்.

டாக்டர் மறுபடி கேட்டார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டார். "ம்ம், வந்துடுச்சு" என்றார். எனக்கும் கேட்க வைத்தார். முதல் தடவை கேட்கவே இல்லை. பத்துப் பதினைந்து தடவைக்கு அப்புறம், லப்... டப்... அதுக்குப் பின்னால் மெல்லிசா ஒரு தட்டல்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. நெஞ்சு வலின்னா ஆப்பைத் தேடாம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டாக்டர் பதிவர்கள் யாராவது தப்பு கண்டுபிடிச்சா பின்னூட்டத்தில் குட்டலாம்.